பழைய குடியிருப்பில் ஒரு வீடு: கோவைப்புதூர் எங்களுக்குப் பொருந்துமா?

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம். கணவர் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். நான் கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஓர் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். தினமும் வேலந்தாவளம் வழியாகப் பேருந்தில் வந்து போகிறேன். மகள் ஏழாம் வகுப்பை முடிக்கப் போகிறாள், மகன் இரண்டாம் வகுப்பு. கோவைப்புதூரில் 5 சென்ட் நிலத்தில் 24 ஆண்டுக்கு முன் கட்டிய வீடு ஒன்று 88 லட்சத்துக்கு வந்திருக்கிறது. கீழே 1,000 சதுர அடி, பின்னாளில் எழுப்பிய மாடி 500 சதுர அடி. உரிமையாளர் இறந்துவிட்டார், அவருடைய மனைவியும் மகளும் துபாயில் இருக்கும் மகனும் விற்கிறார்கள். கையில் 28 லட்சம் இருக்கிறது. அந்தப் பணத்துக்குக் கேரள எல்லையை ஒட்டிய க.க.சாவடிப் பக்கம் புதிய மனையாக வாங்கலாம், கணவரின் வேலைக்கும் அருகில் என்கிறார்கள் உறவினர்கள். வைகாசி பிறப்பதற்குள் முன்பணம் கொடுக்க வேண்டும் என்று தரகர் அவசரப்படுத்துகிறார். 71 வயதான மாமனார் ‘காலனி’ என்றாலே தயங்குகிறார். அந்தப் பகுதி எங்களுக்குப் பொருந்துமா என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். பாலக்காடு சாலையின் இரு பக்கமும் வீடு கட்டித் தருவதும், வாங்குவோருக்காக வீடுகளை ஆய்ந்து மதிப்பிடுவதுமாக எனக்கு 27 ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த ஆண்டுகளில் என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்டது ‘அது நல்ல ஏரியாவா?’ என்பதுதான். நீங்கள் ‘எங்களுக்குப் பொருந்துமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குத்தான் விடை காண முடியும், ஏனென்றால் ஓய்வு பெற்ற தம்பதிக்குச் சொர்க்கமாக இருக்கும் தெரு, இரவு ஷிப்டு முடிந்து விடியற்காலையில் இருசக்கர வாகனத்தில் திரும்பும் ஒருவரின் குடும்பத்துக்கு அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய குடியிருப்பை வாங்குவோருக்குப் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. புதிய மனைப்பிரிவில் தண்ணீர் வரும், சாலை வரும், பேருந்து வரும் என்று வாக்குறுதிகளைத்தான் கேட்க முடியும். இருபது முப்பது ஆண்டாக மக்கள் குடியிருக்கும் தெருவிலோ எது வந்தது, எது வரவில்லை, மழைநீர் எந்த வீட்டு வாசலில் நின்றது, எந்தக் கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினார்கள் என்பதெல்லாம் நடந்து முடிந்த செய்திகள். அவற்றைத் தெரிந்து சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். தரகரின் பேச்சை விட அந்தத் தெருவில் பால் ஊற்றுபவர், இஸ்திரி போடுபவர், எதிர்வீட்டுப் பாட்டி ஆகிய மூவரிடம் பத்து பத்து நிமிடம் பேசுவது மேல்.

உங்கள் குடும்பத்துக்கு முதல் சோதனை சாலைதான். கணவர் மேற்கே போக வேண்டும், நீங்கள் கிழக்கே வர வேண்டும். நடுவில் எங்கே குடியிருந்தாலும் ஒருவருக்குத் தொலைவு கூடத்தான் செய்யும். கோவைப்புதூரிலிருந்து கஞ்சிக்கோடு சுமார் 30 கிலோமீட்டர். சரக்கு சேவை வரி 2017-இல் நடைமுறைக்கு வந்து வணிகவரிச் சோதனைச் சாவடி விலகிய பிறகு, வாளையாறில் லாரிகள் நாள்கணக்கில் வரிசைகட்டி நின்ற பழைய நிலை இப்போது இல்லை. ஆனாலும் கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வாகனங்களும் ஓணத்தை ஒட்டி ஊர் திரும்பும் வாகனங்களும் சேரும்போது அந்தச் சாலையின் நேரக் கணக்கு மாறிவிடும். உங்கள் பக்கம் நிலைமை சற்றுத் தேறியிருக்கிறது: உக்கடம் – ஆத்துப்பாலம் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பிறகு நகருக்குள் நுழைவதில் இருந்த பெரிய இடர் குறைந்தது. இருந்தாலும் குனியமுத்தூர்க் கடைவீதியைக் கல்லூரிப் பேருந்துகளும் பள்ளி வேன்களும் நிறைக்கும் காலை எட்டரை மணியைக் கணக்கில் எடுக்காமல் எந்த முடிவும் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் வந்து பார்த்துவிட்டு ‘இருபது நிமிடம்தான்’ என்று நினைத்து வாங்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஒரு திங்கட்கிழமை உங்கள் பணி நேரத்துக்கு அந்த வீட்டு வாசலிலிருந்தே பேருந்தில் புறப்பட்டுப் பாருங்கள். கணவர் தம் இரவு ஷிப்டு முடிந்து நேரே அங்கே வரட்டும். இந்த இரண்டு பயணங்களும் சொல்வதை வேறு எவராலும் உங்களுக்குச் சொல்ல முடியாது.

இதே அளவுகோலால் க.க.சாவடியையும் பார்ப்போம். கணவரின் பயணம் அங்கிருந்து கிட்டத்தட்டப் பாதியாகும், கொழிஞ்சாம்பாறையும் அருகில் வரும் என்பது உண்மை. ஆனால் உங்கள் பயணமும் மகளின் பயணமும் நீளும். மனை வாங்கியதும் கைப்பணம் கரைந்துவிடும். அதன் மேல் வீடு கட்டி முடியும் வரை உங்கள் இப்போதைய அலைச்சல் ஓயாது. மேலும் மதுக்கரை, எட்டிமடை, நவக்கரை, வாளையாறு என்று மலையை ஒட்டிச் செல்லும் அந்த வரிசை யானைகள் நடமாடும் நிலம். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயிலில் அடிபட்டு மூன்று யானைகள் இறந்ததும், அதன் பிறகு மதுக்கரையில் தண்டவாளத்தை ஒட்டிச் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைத்துக் கண்காணிக்கத் தொடங்கியதும் செய்திகளில் நீங்கள் பார்த்ததுதான். மலையடிவாரக் கிராமங்கள் பலவற்றில் மனை பிரிக்க மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதலும் வேண்டும். அதை நாம் பேச்சுவழக்கில் ‘ஹாகா’ என்கிறோம். அது இல்லாத மனையை மலிவு என்று வாங்கிவிட்டுக் கட்டட அனுமதிக்கு அலைந்தவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன்.

கோவைப்புதூரும் காட்டுக்கு வெகுதொலைவில் இல்லை. 2022 ஜனவரியில் குனியமுத்தூரை அடுத்த பி.கே.புதூரில் பயனின்றிக் கிடந்த ஒரு கிடங்கில் சிறுத்தை புகுந்து, சில நாள் காத்திருந்து வனத்துறை அதைப் பிடித்தது. இதனால் அங்கே குடியிருக்கவே கூடாது என்பதில்லை. நீங்கள் பார்க்கும் தெரு குடியிருப்பின் நடுப்பகுதியிலா, மலையைப் பார்த்த கடைசி வரிசையிலா என்பதைக் கவனியுங்கள். கடைசி வரிசை என்றால் விடியற்காலையில் தனியாகத் திரும்பும் கணவருக்கு அது அன்றாடக் கவலை.

அடுத்தது தண்ணீர். கோவையின் மேற்குப் பகுதிக்குக் குடிநீர் என்றாலே சிறுவாணி என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த அணை இருப்பது உங்கள் பாலக்காடு மாவட்டத்தில்தான். 50 அடி கொள்ளளவு கொண்ட அணையில் பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சில ஆண்டுகளாக 45 அடி அளவிலேயே கேரளம் நீரை நிறுத்திவிடுகிறது. 2017 கோடையில் அணை அடிமட்டத்துக்கும் கீழே போனதை ஊர் மறக்கவில்லை. ஆகவே ‘சிறுவாணித் தண்ணீர் வருகிறது’ என்ற விளம்பரத்தோடு நின்றுவிடாதீர்கள். அந்தத் தெருக் குழாயில் வருவது எந்தத் திட்டத்துத் தண்ணீர், எத்தனை நாளுக்கு ஒரு முறை, எத்தனை மணி நேரம், கடந்த சித்திரையில் எப்படி வந்தது என்று கேளுங்கள். வீட்டின் நிலத்தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதை அளந்து பாருங்கள். எட்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வரும் தெருவில் ஐந்து பேர் குடும்பத்துக்கு 3,000 லிட்டர்த் தொட்டி போதாது. ஆழ்குழாய் இருந்தால் மோட்டாரை ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம் பீய்ச்சியடித்துக் காட்டுவது எந்தக் குழாயாலும் முடியும்.

கழிவுநீரையும் இதோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள். குனியமுத்தூர் நகராட்சியாக இருந்து 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த பகுதி. பாதாளச் சாக்கடைத் திட்டம் அங்கே தாமதமாகத்தான் வந்தது. இந்த வீட்டுக்கு இணைப்பு கொடுத்தாகிவிட்டதா, இன்னும் கழிவுநீர்த் தொட்டிதானா, வைப்புத்தொகை கட்டிய ரசீது இருக்கிறதா என்பதை எழுத்தில் பெறுங்கள்.

இனி காற்று. பாலக்காட்டுக் கணவாய்க்காரர்களான உங்களுக்கு ஆனி ஆடிக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காற்று கொண்டுவரும் சாரல் ஒரு பழைய வீட்டின் மேற்குச் சுவரை என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டும். என் தொழிலின் தொடக்க ஆண்டுகளில், பங்குனி வெயிலில் ஒரு குடும்பத்துக்காக ஒரு வீட்டை ஆய்ந்து, சுவர்கள் உறுதியாக இருக்கின்றன என்று எழுதிக் கொடுத்தேன். மேற்கு அறைக்கு மட்டும் புதிதாகச் சாயம் பூசியிருந்ததை நான் கண்டும் கேள்வி கேட்கவில்லை. ஆடியில் அந்தச் சுவர் முழுவதும் ஊறி, சாயம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது; அந்த அறையில் படுத்த முதியவருக்கு இருமல் நிற்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு நான் பட்ட கடன் இன்றும் என் மனத்தில் இருக்கிறது. அன்றிலிருந்து, ஓர் அறைக்கு மட்டும் புதுச்சாயம் தெரிந்தால் அங்கே ஈரமானியை வைத்துப் பார்க்காமல் நான் நகர்வதில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், கழிவறையை ஒட்டிய சுவரின் அடியில் உப்புப் பூத்தல், மாடித்தளத்தின் அடிப்புறத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை உப்பி நிற்றல் ஆகிய மூன்றும் அந்த வீட்டில் இருக்கின்றனவா என்று ஒரு பொறியாளரை வைத்துப் பாருங்கள். குறிப்பாக, பின்னாளில் எழுப்பிய மாடியின் சுமையைக் கீழ்த்தளத்தின் அடித்தளம் தாங்குகிறதா என்பதற்கு அவர் எழுத்தில் பதில் தர வேண்டும்.

தெருவின் வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே காலத்தில் குடியேறியவர்கள் ஒரே காலத்தில் முதுமை அடைகிறார்கள். பிள்ளைகள் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, சில வீடுகள் பூட்டிக் கிடக்கும், சில கல்லூரி மாணவர்களுக்கான விடுதிகளாக மாறும், சில இடிக்கப்பட்டு அடுக்குமாடியாக எழும். கல்லூரிகள் நிறைந்த இந்தப் பகுதியில் இது இயல்பே. உங்கள் மகன் விளையாட அந்தத் தெருவில் அவன் வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று மாலை ஐந்தரை மணிக்குப் போய் எண்ணுங்கள். ஒருவரும் இல்லையென்றால் அமைதியான தெரு என்று மகிழ வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த அமைதி நல்லதன்று. அதே நடையில் ‘ரிசர்வ் சைட்’ எங்கே என்று கேளுங்கள். மனைப்பிரிவில் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கிய அந்த இடம் மரங்களோடும் ஆட்களோடும் இருந்தால் அந்தக் குடியிருப்போர் ஒன்றுகூடிச் செயல்படுகிறவர்கள் என்று பொருள். அது வேலியடைக்கப்பட்டோ குப்பைமேடாகவோ இருந்தால், நாளை உங்கள் வாசலில் விளக்கு எரியாதபோதும் நீங்கள் தனியாகத்தான் அலைய வேண்டியிருக்கும். சிறப்புக் காவல் படையின் நான்காம் அணி அங்கேயே இருப்பதால் திருட்டுப் பயம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். அதைவிட, இரவு எட்டு மணிக்கு வாசலில் உட்கார்ந்திருக்கும் அண்டை வீட்டாரைத்தான் நான் பெரிதாக மதிப்பேன்.

மேற்குப் புறவழிச்சாலையை மறக்கக் கூடாது. மதுக்கரை மயில்கல்லில் தொடங்கி நரசிம்மநாயக்கன்பாளையம் வரை சுமார் 32 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டம் கட்டமாக அமைக்கப்பட்டு வரும் சாலை அது. விலை ஏறும் என்று தரகர் சொல்வது இதை வைத்துத்தான். குடியிருக்க வாங்கும் உங்களுக்கு விலையேற்றத்தை விட, அந்தச் சாலையை எட்டுவதற்காக உங்கள் தெரு குறுக்குவழி ஆகுமா என்பதே முக்கியம். வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளின் படிப்புக்கு வருகிறேன். கல்வி என் துறை அன்று. ஆனால் எல்லைக்கு அப்பாலிருந்து வந்து வீடு வாங்கியவர்கள் பலர் இதில் தடுமாறியதைக் கண்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்கேயே படித்தவரிடம் இருப்பிடச் சான்று கேட்பதில்லை. ஆனால் பூர்வீகம் வேறு மாநிலம் என்றால் பொதுப்பிரிவில்தான் எண்ணப்படுவார்கள், சாதிச் சான்றின் பயன் இங்கே கிடைக்காது. கொழிஞ்சாம்பாறையில் தமிழ்தான் பேசுகிறோம் என்பது இந்த விதியை மாற்றாது. ஆகவே மகள் இங்கே படிக்கப் போகிறாள் என்றால் வரும் ஜூனில் எட்டாம் வகுப்பிலேயே சேர்வது நல்லது. சமூகப் பிரிவைப் பொறுத்த இழப்பையும் கணக்கிட்டுக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

ஆனால் ஜூனில் பள்ளி என்பதற்காக ஜூனுக்குள் வீடு வாங்க வேண்டியதில்லை. என் ஆலோசனையின் மையம் இதுதான்: அதே கோவைப்புதூரில், முடிந்தால் அதே தெருவுக்கு அடுத்த தெருவில், 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு வாருங்கள். ஆடிக் காற்று, ஐப்பசி அடைமழை, கார்த்திகைச் சாலை, பங்குனித் தண்ணீர் எல்லாவற்றையும் உங்கள் செலவிலேயே, ஆனால் சிறிய செலவில் பார்த்துவிடலாம். விற்பவர்கள் ஆவணி வரை பொறுத்தால், ஆடிக் காற்றையாவது பார்த்துவிட்டு அந்த வீட்டையே வாங்கலாம். பொறுக்காவிட்டால், மேலே சொன்ன காரணத்தால், முதியவர்கள் வாழும் அந்தப் பகுதியில் அடுத்த வீடு விற்பனைக்கு வராமல் போகாது. வைகாசிக்குள் முன்பணம் என்பது தரகரின் அவசரம்.

விற்பவர்கள் ஒருவேளை பொறுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு ஆவணங்களைப் பற்றியும் சொல்கிறேன். உங்கள் ஊரில் ஆதாரம், போக்குவரவு, கரச்சீட்டு என்று பார்ப்பவை இங்கே கிரயப் பத்திரம், பட்டா மாறுதல், வரி ரசீது என்று வரும். பட்டா இறந்தவர் பெயரிலேயே இருக்கிறதா, தனிப்பட்டாவா, கூட்டுப்பட்டாவா என்று பாருங்கள். வில்லங்கச் சான்றிதழை 30 ஆண்டுக்கு எடுங்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் எண் உண்டா என்றும், இல்லையென்றால் 2017-இல் வந்த விதிகளின்படி மனை வரன்முறை செய்யப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். வாரிசுகள் மூவர் என்கிறீர்கள். அது இந்துக் குடும்பமாக இருந்து, உயில் எழுதாமல் அவர் இறந்திருந்தால், அப்போது உயிரோடு இருந்த அவருடைய தாயாருக்கும் பங்கு உண்டு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். துபாயில் இருக்கும் மகன் பொது அதிகாரம் கொடுத்து விற்றால், இந்தியத் தூதரக அலுவலகத்தில் கையெழுத்தான அந்த ஆவணம் இங்கே முறைப்படி முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். பதிவின்போது அவர் உயிருடன் இருப்பதற்கான சான்றும் வேண்டும். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் வருமான வரியை நீங்கள்தான் பிடித்துக் கட்ட வேண்டும்: உள்நாட்டில் வசிப்பவரின் பங்குக்கு 1 விழுக்காடு, வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு வேறு விதி, விகிதமும் அதிகம். பட்டயக் கணக்காளரைக் கேட்காமல் அந்த மகனின் பங்குப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

விலைக்கு வருவோம். புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று வைத்தால் 1,500 சதுர அடிக்கு 36 லட்சம். கட்டடத்துக்கு 60 ஆண்டு ஆயுளும் பத்தில் ஒரு பங்கு எஞ்சிய மதிப்பும் கொள்ளும் வழக்கமான கணக்கில் 24 ஆண்டுக்கு 36 விழுக்காடு கழியும். மாடி பின்னாளில் வந்தது என்பதால் அதற்குச் சற்றுக் குறைவாகக் கழியும். அதை விட்டுவிட்டாலும் கட்டடத்தின் மதிப்பு 23 லட்சம். அப்படியானால் நிலத்துக்கு 65 லட்சம், சென்ட்டுக்கு 13 லட்சம் கேட்கிறார்கள் என்று பொருள். அதே தெருவில் அண்மையில் பதிவான கிரயங்களோடு இதை ஒப்பிட்டுப் பேரம் பேசுங்கள். மாடிக்குக் கட்டட அனுமதி இல்லையென்றால் வங்கி அதை மதிப்பில் சேர்க்காது. முழு மதிப்பையும் வங்கி ஏற்று 80 விழுக்காடு கடன் தந்தாலும், உங்கள் பங்கு 17 லட்சத்து 60 ஆயிரம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 விழுக்காட்டுக்கு 7 லட்சத்து 92 ஆயிரம். இரண்டும் சேர்ந்து 25 லட்சத்து 52 ஆயிரம். மீதி இரண்டரை லட்சத்தில் 24 ஆண்டு வீட்டின் மின்கம்பிகளையும் குழாய்களையும் மாற்ற முடியாது. ஆகையால் 88 லட்சம் உங்களுக்கு அதிகம். 80-க்குக் கீழே வந்தால் பேசலாம் என்பது என் கருத்து.

ஊர் மாறினால் வண்டியின் கேரளப் பதிவையும் ஓராண்டுக்குள் மாற்றிவிடுங்கள்.

மாமனாரின் தயக்கத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். தென்னந்தோப்பில் விடிந்ததும் எழுந்து நடந்தவருக்குப் பத்தடி முற்றம் சிறையாகத் தெரிவதில் வியப்பில்லை. வாடகை வீட்டுக்கு அவரை முதலில் பத்து நாளுக்கு மட்டும் அழைத்து வாருங்கள். காலையில் அவர் தாமாகவே நடக்கப் போகும் வழியையும் யாரோடு பேசி நிற்கிறார் என்பதையும் கவனியுங்கள். விற்பனைக்கு வந்த வீட்டில் அவருக்கென்று கீழ்த்தளத்தில் ஓர் அறை இருக்க வேண்டும், அதை ஒட்டியே கழிவறையும் இருக்க வேண்டும். 24 ஆண்டுக்கு முன் கட்டிய வீடுகளில் கழிவறைக் கதவு இரண்டரை அடி அகலத்தோடு நின்றுவிடும், நடைசாதனத்தோடு ஒருவர் நுழைய மூன்றடி வேண்டும். அந்தச் சுவரை இடித்து அகலப்படுத்த முடியுமா, அதற்குள் தூண் போகிறதா என்று பொறியாளர் வரும் அன்றே கேட்டுவிடுங்கள்.